இயற்பியலோடு நானோ படிக்கப் போகும் எல்லையோரப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு மூன்று பேராவது வந்துவிடுவார்கள். எருத்தேன்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள். கூடவே அப்பாவோ தாய்மாமனோ வருவார். பேச்சை அவர்தான் தொடங்குவார். "சார், புள்ளைக்கு பிசிக்ஸ்னா உசுருங்க. நானோன்னு ஒரு படிப்பு இருக்குதாமுங்க. நேரா அதுலயே சேத்துடலாமுங்களா?"

நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். டிகிரியில் இயற்பியல் எடுங்கள். நானோவை அதன் மேல் கட்டுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, இதே வழியாகப் போனவன் நான். எங்கே கல் இருக்கிறது, எங்கே முள் இருக்கிறது என்று தெரியும்.

முதலில் இரண்டு கணக்கு

சேர்வதற்கு முன்னால் நோட்டை எடுத்து இரண்டு கணக்கு போட்டுப் பாருங்கள். இவை பிடித்திருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கானது.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்று. அதன் மொத்தப் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதை ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) பக்கமுள்ள துண்டுகளாக நறுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடவில்லை, குறையவில்லை. ஆனால் எல்லாத் துண்டுகளின் பரப்பையும் கூட்டினால் 6,000 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் 148 சென்ட். கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. கைக்குள் அடங்கும் பொருளுக்குள் ஒரு தோப்பு அளவு பரப்பு. வினையூக்கி, பேட்டரி, தண்ணீர் வடிகட்டி என்று எல்லா இடத்திலும் நானோ நுழைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பரப்பில்தான் வேதிவினை நடக்கிறது.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியமானது. பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரான். குவாண்டம் பாடத்தில் முதலில் வருவது இதுதான். பெட்டியின் நீளம் ஒரு நானோமீட்டர் என்றால், முதல் ஆற்றல் மட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி சுமார் 1.13 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). பத்து நானோமீட்டர் என்றால் அது நூறில் ஒரு பங்காகி, 0.011 ஆகிவிடும். அறை வெப்பநிலையில் சூடே சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தருகிறது. அதாவது பெரிய பெட்டியில் எலக்ட்ரான் சாதாரணச் சூட்டிலேயே மேல் மட்டத்துக்குத் தாவிவிடும். குவாண்டம் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் அமுங்கிப்போகும். சிறிய பெட்டியில் அப்படி நடக்காது. அதனால்தான் பொருளை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றினாலே நிறம் மாறுகிறது. காட்மியம் செலினைடு துகள் இரண்டு நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிரும், ஆறு நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். இந்தக் குவாண்டம் புள்ளிகளுக்காகத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்தக் கணக்கு எந்தப் பாடத்தில் இருக்கிறது? குவாண்டம் இயக்கவியலில். சூட்டோடு ஒப்பிட்டது புள்ளியியல் இயற்பியல். துகளுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் திண்மநிலை இயற்பியல். நானோ என்பது இந்த மூன்றும் சந்திக்கும் முச்சந்தி. மூன்று சாலையும் தெரியாமல் முச்சந்தியில் மட்டும் போய் நின்று பயனில்லை.

எந்தப் படிப்பு, எந்த ஊர்

பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்களில் நானோவையும் பெயரிலேயே சேர்த்து இயற்பியல் பட்டம் உண்டு. அங்கேயும் முதல் ஆண்டுகளில் பெரும்பங்கு இயற்பியல்தான். நம் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம். அதே படிப்பை நாமே அமைத்துக்கொள்ள முடியும்.

எளிய வழி, பிஎஸ்சி இயற்பியல். சித்தூர் அரசுக் கல்லூரியும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 2024 முதல் கேரளத்தில் நான்கு ஆண்டு டிகிரி முறை வந்துவிட்டது. மூன்றாண்டில் முடித்துக்கொண்டு வெளியே வரலாம், நான்காம் ஆண்டும் தொடரலாம். மைனர் எனப்படும் துணைப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கையில் கிடைத்ததை எடுக்காதீர்கள். இயற்பியல் மேஜர் என்றால் வேதியியலும் கணிதமும்தான் மைனராக இருக்க வேண்டும். நானோ பக்கம் போகிறவருக்கு வேதியியல் தெரியாவிட்டால் துகளைச் செய்யவே வராது.

பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர அலாட்மென்டில் விருப்ப வரிசையை அக்ஷயா இ-சேவை சென்டரில் இருக்கும் ஒருவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரியாக நீங்களே சொல்லுங்கள். வரிசை மாறியதால் வேறு பாடத்தில் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண்ணும் மன உறுதியும் இருந்தால் ஐஐஎஸ்இஆர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு எழுதலாம். திருவனந்தபுரத்தில் ஒன்று, திருப்பதியில் ஒன்று. ஆந்திரத்தின் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருப்பதி கூப்பிடு தூரம். அங்கே 2015-இல் ஐஐஎஸ்இஆரும் ஐஐடியும் வந்தன. நம் கஞ்சிக்கோட்டுப் பக்கம் இருக்கும் பாலக்காடு ஐஐடியும் அதே 2015-இல் தொடங்கியதுதான். பாலக்காடு ஐஐடியில் எம்எஸ்சி இயற்பியல் இருக்கிறது.

இனி ஒரு எச்சரிக்கை. முதுகலையில் 'நானோ அறிவியல்' என்ற பெயரிலேயே பட்டம் தரும் துறைகள் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலும் தனித் துறையே இருக்கிறது. ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும். ஆனால் பின்னால் அரசுக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும், அந்தப் பட்டம் இயற்பியல் எம்எஸ்சிக்குச் சமம் என்று எழுத்தில் ஏற்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். வேலைவாய்ப்பு அறிவிப்பில் 'இயற்பியலில் முதுகலை' என்று மட்டும் இருந்தால் சமநிலைச் சான்று கேட்பார்கள். என்னோடு படித்த ஒருவர் நல்ல ஆய்வாளர். அந்த ஒரு தாளுக்காக அவர் இரண்டு ஆண்டு அலைந்தார். எம்எஸ்சி இயற்பியலில் சேர்ந்து, புராஜெக்டை நானோவில் செய்தால் இந்தச் சிக்கலே வராது. என் ஓட்டு இதற்குத்தான்.

எல்லையைத் தாண்டினால்

நமக்குக் கோவை பக்கம். பொள்ளாச்சி இன்னும் பக்கம். ஆனால் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சான்றிதழ்கள் வேறு மாதிரி பேசும். நம் சாதி கேரளப் பட்டியலில் ஓபிசியாக இருக்கலாம், தமிழ்நாட்டுப் பட்டியலில் வேறு பிரிவில் இருக்கலாம். கேரளத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குத் தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீடு பெரும்பாலும் கிடைக்காது. பொதுப் பிரிவில்தான் பார்ப்பார்கள். மத்திய நிறுவனங்களுக்கு மத்தியப் பட்டியல், அதற்கென்று தனிப் படிவம். வில்லேஜ் ஆபீசில் நேட்டிவிட்டி, வருமானம், சாதிச் சான்று மூன்றையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். டிகிரியை இங்கே முடித்து எம்எஸ்சிக்கு அங்கே போனால் மைக்ரேஷன் சான்றும் கேட்பார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்தில் நாளாகும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

மொழி

தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகும் பிள்ளை முதல் செமஸ்டரில் மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கும். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், யோசனை தமிழில். நானும் அப்படித்தான் நின்றேன். மலையாளம் நமக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் பழகியதுதான். ஒரு மாதத்தில் காது பழகிவிடும். ஆங்கிலம்தான் உழைப்பைக் கேட்கும்.

எனக்கு உதவியது ஒரு சிறு பழக்கம். நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் வகுப்பில் சொன்ன ஆங்கில வாக்கியம். வலப்பக்கம், அன்று ராத்திரியே, அதை என் தங்கைக்குச் சொல்வதுபோல் தமிழில். வலப்பக்கம் எழுத வராத இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் மறுநாள் ஆசிரியரிடம் கேட்பேன். 'பேண்ட் கேப்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சை எழுதிவிடலாம். எலக்ட்ரான் ஏன் அந்த இடைவெளியில் நிற்க முடியாது என்று தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் புரிந்ததா இல்லையா என்று தெரியும். ஆங்கிலத்தில் தேங்குவதை வைத்து யாரும் உங்களை மட்டம் தட்ட விடாதீர்கள். இயற்பியல் முக்கால்வாசி கணக்கில் பேசுகிறது.

அந்தக் கணக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வகைநுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள் இவை மூன்றும் முதல் ஆண்டிலேயே கைவசம் ஆக வேண்டும். பைதான் மொழியும் அப்படித்தான். என்பிடெல், ஸ்வயம் என்ற இணையதளங்கள் இரண்டிலும் நல்ல வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம்.

லேப்பில்

நீண்ட நேரம் பேச வேண்டிய இடம் இது.

பல கல்லூரிகளில் முதன்முதலாகச் செய்ய வைப்பது வெள்ளி நானோ துகள். சோடியம் போரோஹைட்ரைடு கரைசல், இரண்டு மில்லிமோலார், 30 மில்லிலிட்டர். ஐஸ் தொட்டியில் வைத்துக் குளிர வைத்து, காந்தக் கலக்கியில் சுழல விட வேண்டும். அதில் ஒரு மில்லிமோலார் சில்வர் நைட்ரேட்டை நொடிக்கு ஒரு சொட்டு கணக்கில் விடுவார்கள். இரண்டு மில்லிலிட்டர் போனதும் வெறும் தண்ணீர் போல இருந்த கரைசல் மெல்ல மஞ்சளாகும். பலாச்சுளையை நீரில் கரைத்தது போன்ற தெளிந்த மஞ்சள். முதல் தடவை பார்க்கும்போது மூச்சு நின்றுவிடும். வெள்ளி என்றால் வெள்ளைப் பளபளப்பு என்று நினைத்த கண்ணுக்கு முன்னால் வெள்ளி மஞ்சளாக நிற்கிறது. 400 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் துகளின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடி நீலத்தை உறிஞ்சிவிடுகின்றன. மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது.

எனக்கு முதல் தடவை அந்த மஞ்சள் வரவில்லை. குடுவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அவசரத்தில் அப்படியே சில்வர் நைட்ரேட் கரைத்தேன். கரைசல் லேசாக மோர்த் தண்ணீர் போலக் கலங்கியது. நானோ துகள் உருவாகிறது என்று நினைத்து ரெக்கார்டிலும் எழுதிவிட்டேன். நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தபோது 400 பக்கத்தில் உச்சியே இல்லை. அது போர்வெல் தண்ணீர். அதில் இருந்த குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்திருந்தது. நம் கிழக்குப் பக்கத்துப் போர்வெல் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாத்திரத்தில் படியும் வெள்ளைக் கறையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் இது உங்களுக்கு முதல் விதி: கண்ணாடிப் பாத்திரத்தை முதலில் சோப்பு, பிறகு குழாய்த் தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை. கையுறை போடுங்கள், சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப்போய், தோல் உரியும் வரை போகாது. போரோஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய புட்டியில் அடைத்து வைக்காதீர்கள், பக்கத்தில் தீ வேண்டாம்.

அடுத்தது துகளின் அளவைக் கண்டுபிடிப்பது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் உச்சி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் படிகம் சிறியது. ஷெரர் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: அலைநீளத்தை 0.9-ஆல் பெருக்கி, உச்சியின் அகலத்தாலும் கோணத்தின் கொசைனாலும் வகுக்க வேண்டும். கையில் போட்டுப் பார்ப்போம். தாமிரக் குழாயின் எக்ஸ்-கதிர் அலைநீளம் 0.154 நானோமீட்டர். வெள்ளியின் முதல் உச்சி 38.1 டிகிரியில் வருகிறது, பாதி உயரத்தில் அகலம் 0.5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை ரேடியனாக மாற்றினால் 0.00873. படத்தில் இருப்பது இரட்டைக் கோணம், ஆகவே கொசைன் எடுக்க வேண்டியது பாதிக்கு, 19.05 டிகிரிக்கு. விடை சுமார் 17 நானோமீட்டர்.

ரேடியனாக மாற்ற மறந்தால்? 0.29 நானோமீட்டர் வரும். அது ஒரே ஒரு வெள்ளி அணுவின் விட்டம்! ஒற்றை அணு எப்படிப் படிகமாகும் என்று அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கோணத்தைப் பாதியாக்க மறந்தால் 20 வரும். இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பார்க்க நியாயமான விடைபோல இருக்கும். ஒவ்வொரு எண்ணையும் 'இது நடக்கக்கூடியதா' என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி இயற்பியலாளர் ஆகிவிட்டீர்கள்.

இன்னொன்று. இந்த 17 என்பது படிகத் துண்டின் அளவு, துகளின் அளவு அல்ல. ஒரு துகளுக்குள் பல படிகத் துண்டுகள் இருக்கலாம். துகளைக் கண்ணால் பார்க்க டெம் எனப்படும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் வைவாவில் கேட்கும் நல்ல கேள்வி.

ராமன் நிறமாலையையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 1928-இல் சி.வி.ராமன் கண்டுபிடித்த அந்த ஒளிச்சிதறல்தான் இன்று கிராபீனுக்கு, அதாவது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளுக்கு, அடையாள அட்டை. அலை எண் அச்சில் (செ.மீ.⁻¹ அலகில்) 1,580-க்கும் 2,700-க்கும் பக்கத்தில் வரும் இரண்டு உச்சிகளின் வடிவத்தைப் பார்த்தே ஓர் அடுக்கா, பல அடுக்கா என்று சொல்லிவிடலாம். 1,350 பக்கத்தில் உச்சி எழுந்தால் கிராபீனில் பழுது இருக்கிறது. கிராபீனைப் பிரித்தெடுத்துக் காட்டியது 2004-இல். அதற்கு நோபல் 2010-இல். அதைப் பரிசோதிக்க நாம் போய் நிற்பது திருச்சியில் பிறந்த ஒரு மனிதர் கண்ட விளைவின் முன்னால். எனக்கு இன்றும் இது சிலிர்க்கும்.

விலை உயர்ந்த கருவிகள் நம் கல்லூரிகளில் இருக்காது. அதனால் படிப்பு குறைந்துவிடாது. பல்கலைக்கழகங்களும் ஐஐடிகளும் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியார் சாம்பிளையும் அளந்து தருகின்றன. மாணவருக்குச் சலுகைக் கட்டணமும் உண்டு. ஆனால் சாம்பிளைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் படம் வரக் காத்திருக்காதீர்கள். முடிந்தால் பஸ் ஏறிப் போய் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை, எவ்வளவு மெதுவாக என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு

இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு நல்ல லேப்பில் இருக்கலாம். விண்ணப்பத்தில் ஆர்வத்தை எழுதச் சொல்வார்கள். 'சிறு வயது முதலே அறிவியல் பிடிக்கும்' என்று எழுதாமல், நீங்கள் செய்த ஒரு சோதனையையும் அதில் புரியாமல் நின்ற இடத்தையும் எழுதுங்கள்.

ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் திறக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பாலக்காடு உட்பட ஐஐடிகளின் எம்எஸ்சிக்கு இதுதான் வாசல். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி. எம்எஸ்சிக்குப் பிறகு ஆய்வுக்குப் போக சிஎஸ்ஐஆர் நெட், கேட், ஜெஸ்ட். ஐந்தாம் செமஸ்டரில் ஜாம் படிக்கத் தொடங்கினால் தாமதம். நான்காவதில் பழைய கேள்வித்தாளைக் கையில் எடுங்கள்.

வேலை பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 'நானோ' என்ற பெயரில் வேலை விளம்பரம் அதிகம் வராது. மெல்லிய படலம் படிய வைக்கத் தெரிந்தவர், வெற்றிட பம்பைக் கையாளத் தெரிந்தவர், எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கத் தெரிந்தவர், தரவை நிரலில் அலசத் தெரிந்தவர் இவர்களுக்குத்தான் குறைகடத்தி, பேட்டரி, மருந்து, பூச்சு நிறுவனங்களில் இடம். எனவே ஒவ்வொரு ஆண்டும் ஒரு கருவியையாவது நீங்களே இயக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். தூரத்து உதாரணமும் தேவையில்லை. பக்கத்து மலப்புறம் மாவட்டத்தில் பிறந்த பிரதீப், சென்னை ஐஐடியில் இருந்துகொண்டு, தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தையும் ஆர்சனிக்கையும் நானோ பொருள்களால் பிரிக்கும் வடிகட்டிகளைச் செய்தார். நம் போர்வெல் தண்ணீரைப் பற்றி யோசிக்க நம் பிள்ளைகளை விடப் பொருத்தமானவர் யார்?

கடைசியாக, எம்எஸ்சி புராஜெக்டுக்கோ பிஎச்டிக்கோ வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது. அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் முழுக்க அந்த லேப்பில் போய் இருங்கள். மதியம் சாப்பிடும்போது அங்கே இருக்கும் அக்கா அண்ணன்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கருவி கெட்டுப்போனா இங்க யாரு சரி பண்றது?" கம்பெனி ஆள் வரும் வரை பூட்டி வைப்போம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். "நாங்களே கழற்றிப் பாப்போம், சாரும் கூட உக்காருவாரு" என்றால் அங்கே சேருங்கள்.